சோதனைச்சாலை கூறும் 'இல்லை'

ஓர் ஊருக்குப் புதிதாய்ச் சென்ற ஒருவன், அவ்வூராரை நோக்கி, "இங்கே இன்ன நோய் உண்டோ?" என்று வினவுவானாயின், "இல்லை" என்னும் விடையைப் பெறுதல் எளிது. ஆயின் அவ்விடையின் பொருள் யாது? "நாடோறும் தேடிப் பார்க்கின்றோம்; இல்லை" என்பது ஒரு பொருள். "யாம் தேடவே இல்லை, ஆதலின் எம் கண்ணிற் படவில்லை" என்பது மற்றொரு பொருள். செவிக்கு இவ்விரண்டும் ஒரே சொல்லாக ஒலிப்பினும், அவற்றிடையே உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகும். முன்னதை நம்பிக் குழந்தையைத் தெருவில் விளையாட விடலாம். பின்னதை நம்பி ஒன்றும் செய்தல் இயலாது. பொதுச் சுகாதாரச் சோதனைச்சாலைகளும், அவற்றிற் பணிபுரியும் பயிற்சி பெற்ற சிப்பந்திகளும், ஊர்தோறும் நோயைக் கண்காணித்து அறிக்கை விடுப்போரும் ஒருங்குகூடிச் செய்யும் பெருங்காரியம், பின்னதாகிய 'இல்லை'யை முன்னதாகிய 'இல்லை'யாக மாற்றுவதேயாம். அஃது எத்துணை அரிய காரியம் என்பதை, இளம்பிள்ளைவாதம் எனப்படும் போலியோ நோயை இந்தியா ஒழித்த வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

போலியோவை உண்டாக்குவது வைரஸ் என்னும் நுண்கிருமி. அது மாந்தர் குடலிற் பெருகி, மலத்தின் வழியே வெளிப்பட்டு, அசுத்தமான கையாலும் நீராலும் உணவாலும் பிறர் வாயைச் சேர்கின்றது. இக்கிருமி புகுந்த குழந்தைகளிற் பெரும்பாலோர் நோய் வந்ததையே அறியார். சிலர்க்குச் சிறு காய்ச்சல் கண்டு நீங்கும். ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவர்க்கே அது நரம்பைத் தாக்கிக் கால் கைகளை முடக்கிவிடும். முடங்கிய உறுப்பை மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை. 1988-ஆம் ஆண்டில் உலக சுகாதார சபை இந்நோயை அடியோடு ஒழிப்பதென்று தீர்மானித்தபோது, 125 நாடுகளில் ஆண்டுதோறும் சுமார் 3,50,000 பேர் இதனால் முடமாகி வந்தனர் எனக் கணக்கிடப்பட்டது. 2009-ஆம் ஆண்டில்கூட இந்தியாவில் 741 பேர் இந்நோயுற்றனர். அவ்வாண்டில் உலகில் வேறெந்த நாட்டிலும் அத்தொகை இல்லை. அடுத்த ஆண்டில் அது 42 ஆகக் குறைந்தது. 2011-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் வங்காளத்து ஹௌரா ஜில்லாவில் ஒரு பெண்குழந்தைக்குக் கால் தளர்ந்தது. இயற்கைப் போலியோ வைரஸால் இந்தியாவில் முடமான கடைசிக் குழந்தை அதுவே.

ஆயினும் அன்றே எவரும் வெற்றி முரசு கொட்டவில்லை. மூன்று ஆண்டுகள் முழுதும் காத்திருந்து, 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாளன்றே, இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசியப் பகுதியின் 11 நாடுகளும் போலியோ அற்றவை என உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிச் சான்று வழங்கப்பெற்றது. இத்தாமதம் ஏன் என்று மாணாக்கர் வினவலாம். கிருமி புகுந்த 200 பேரில் ஒருவரே முடமாவார் எனின், முடமான குழந்தை எவரும் கண்ணிற் படாதிருக்கும்போதே, நூற்றுக்கணக்கான குழந்தைகளின் குடலில் அக்கிருமி மறைந்து உலவக்கூடும் அன்றோ? கண்ணுக்குப் புலப்படாமை இன்மைக்குச் சான்றாகாது. ஆதலின் 'இல்லை' என்று துணிந்து கூறுதற்கு வேறொரு வழி வேண்டியிருந்தது.

அவ்வழி வியப்பானது. போலியோவைத் தேடுவோர் போலியோவை மட்டும் தேடலாகாது என்பதே அதன் முதல் விதி. பதினைந்து வயதுக்குட்பட்ட எக்குழந்தைக்கேனும் திடீரெனக் கையோ காலோ துவண்டு தளருமாயின், அதனைத் 'தளர்வாதம்' என்ற பொதுப்பெயரால் உடனே அறிவித்தல் வேண்டும். தளர்வாதம் போலியோவால் மட்டும் வருவதன்று. நரம்பு வேர்கள் அழற்சியுறுதலாலும், முள்ளந்தண்டின் நடுவேயுள்ள நரம்புத் தண்டு பழுதுறுதலாலும், வேறு பல காரணங்களாலும் வரும். தேர்ந்த வைத்தியர் ஒருவர் குழந்தையைக் கண்டமாத்திரத்தே, "இது போலியோ அன்று" என்று கூறக்கூடும். அவர் கூற்று மெய்யாகவும் இருக்கலாம். எனினும் அறிவிக்கும் கடமையினின்று அவர் நீங்கியவராகார். ஈண்டு நம்பப்படுவது வைத்தியரின் ஊகமன்று, சோதனைச்சாலையின் முடிவே.

இதனினும் வியப்பானது இரண்டாம் விதி. போலியோ அறவே இல்லாத நாட்டிலும், பிற காரணங்களால் வரும் தளர்வாதம், பதினைந்து வயதுக்குட்பட்ட லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டொன்றுக்கு ஒருவர்க்கேனும் காணப்படும் என்பது அநுபவத்தால் அறியப்பட்டது. இந்தியாவோ இன்னும் கடுமையாக, லட்சத்துக்கு இரண்டு என்ற அளவைத் தனக்கென வகுத்துக்கொண்டது. ஒரு ஜில்லாவிலிருந்து இவ்வளவுக்கும் குறைவான அறிக்கைகள் வருமாயின், "நோயில்லாத நல்ல ஜில்லா" என்று எவரும் மகிழ்வதில்லை. "அங்கே தேடுவார் இல்லை போலும்" என்று ஐயுற்று, அதிகாரிகள் விசாரணைக்குப் புறப்படுவர். பிற துறைகளில் பிழை மிகுந்த இடமே குற்றத்துக்குரியது. இத்துறையிலோ ஒன்றுமில்லை என்று வாளாவிருக்கும் இடமே குற்றத்துக்குரியதாயிற்று.

1997-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கமும் உலக சுகாதார ஸ்தாபனமும் கூடித் தேசீயப் போலியோ கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கின. அதற்கென வைத்தியர்கள் பயிற்றப்பெற்று ஜில்லாக்களில் அமர்த்தப்பட்டனர். அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளோடு நின்றாரல்லர். கால் துவண்ட குழந்தையைத் தாய் முதலில் எங்கே எடுத்துச் செல்வாள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தனர். நாட்டு வைத்தியர், எலும்பு கட்டுவோர், மந்திரித்து நூல் கட்டுவோர் ஆகிய யாவரையும் அவர்கள் தேடிச் சென்று, இத்தகைய குழந்தை வருமாயின் தமக்குச் செய்தி விடுக்குமாறு வேண்டினர். ஆஸ்பத்திரிகளிலிருந்து வாரந்தோறும் அறிக்கை வருதல் வேண்டும். அவ்வாரத்தில் ஒரு குழந்தையும் வரவில்லையாயின், 'சுன்னம்' என்று எழுதியேனும் அனுப்புதல் வேண்டும். வெற்றுத் தாள் வேறு, சுன்னம் எழுதிய தாள் வேறு. முன்னது மறதியைக் காட்டும். பின்னது ஒருவர் பார்த்தார் என்பதைக் காட்டும்.

இனி, குழந்தை கண்டறியப்பட்ட பின்னர் நிகழ்வன யாவை என்று காண்போம். தளர்ச்சி தோன்றிய 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளி விட்டு, இருமுறை மலமாதிரி எடுத்தல் வேண்டும். கிருமி மிகுதியாக வெளிப்படுவது அந்நாட்களிலேயாம். ஒருமுறை தப்பினாலும் மறுமுறை அகப்படும் என்பதற்கே இருமுறை எடுத்தல். கட்டைவிரலின் நுனியளவு மாதிரி போதும். அதனை நன்கு மூடிய கலத்திலிட்டு, குழந்தையின் விவரம் அடங்கிய தாளோடு, பனிக்கட்டிப் பெட்டியில் 8 டிகிரிக்கு மேற்படாத குளிரில் வைத்து, மூன்று நாட்களுக்குள் சோதனைச்சாலை சேர்ப்பித்தல் முறை. கோடையில், மின்சாரம் நிலையில்லாத கிராமத்திலிருந்து, பஸ்ஸிலும் இரயிலிலும் அப்பெட்டி வரும் வழியை நினைத்துப் பாருங்கள். வழியில் பனிக்கட்டி உருகிவிடின், வைரஸ் மடிந்துவிடும். பின்னர்ச் சோதனைச்சாலை எத்துணைத் திறமையாகத் தேடினும் 'இல்லை' என்றே கூறும். அவ் 'இல்லை' பொய்யான 'இல்லை' யாகும். ஆதலாற்றான், பெட்டி வந்தவுடன் சோதனைச்சாலைச் சிப்பந்தி முதலிற் பார்ப்பது பனிக்கட்டி எஞ்சியுள்ளதா என்பதையே. மாதிரி கசிந்ததா, அளவு போதுமா, தாளும் கலமும் ஒத்துள்ளனவா என்பனவும் குறித்துக்கொள்ளப்படும்.

இந்தியாவில் இப்பணிக்கென எட்டுச் சோதனைச்சாலைகள் அங்கீகாரம் பெற்றன. அவற்றுள் ஒன்று நம் சென்னைக் கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட். 1899-ஆம் ஆண்டில் அம்மைப்பாலைத் தயாரிக்கும் நிலையமாய்த் தோன்றிச் சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராயிருந்த கர்னல் கிங் என்பாரின் பெயரைத் தாங்கிய இந்நிலையம், பெரியம்மையை ஒழித்த பணியிலும் தோள்கொடுத்தது. ஒரு நோயை ஒழிக்க நிறுவப்பட்ட இடம், நூறாண்டு கழித்து மற்றொரு நோயின் இன்மையை நிலைநாட்டும் இடமாயிற்று.

சோதனைச்சாலையில் மாதிரியைத் தெளியவைத்து, உயிரணுக்கள் வளர்க்கப்பட்ட கண்ணாடிக் குழாய்களிற் சேர்ப்பர். வைரஸுக்குத் தனியே வாழும் ஆற்றல் இல்லை. உயிருள்ள அணுவினுள் நுழைந்தே அது பெருகும். ஆகவே இருவகை அணுக்களை வளர்க்கின்றனர். ஒருவகை மனிதத் தசைக்கட்டி ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட அணுக்கள். இவற்றிற் பலவகைக் குடல் வைரஸ்கள் வளரும். மற்றொருவகை சுண்டெலியின் அணுக்கள். சுண்டெலியின் அணுவில் இயல்பாய்ப் போலியோ வைரஸ் புகாது. மனித அணுவில் அவ்வைரஸுக்கு வாயிலாய் அமைந்த பொருளை விஞ்ஞானிகள் அவ்வெலியணுவில் அமைத்துவிட்டனர். பூட்டுக்கேற்ற திறவுகோலாற் கதவு திறப்பதுபோல, அவ்வாயிலின் வழியே பெரும்பாலும் போலியோ வைரஸே உள்ளே செல்லும். சிப்பந்தி நாள்தோறும் குழாய்களை நுண்ணோக்கியின்கீழ் வைத்து, அணுக்கள் உருண்டு சிதைகின்றனவா என்று பார்ப்பார். பத்து நாட்கள்வரை பார்த்தும் சிதையாவிடின் மட்டுமே 'இல்லை' என எழுதுதல் கூடும். சிதைந்தால், அஃது எவ்வகை வைரஸ், இயற்கையாய்த் திரிவதோ, தடுப்பு மருந்திலிருந்து வந்ததோ என்பதை மேலும் ஆராய்வர்.

வைரஸ் கிட்டியபின் அதன் பரம்பரைச் செய்தியையும் படிக்கின்றனர். அச்செய்தி சுமார் 7,500 எழுத்துக்களாலாகிய ஓர் இழை போன்றது. அதில் ஏறத்தாழ 900 எழுத்துக்கள் கொண்ட ஒரு பகுதியைத் தேர்ந்து, பிற ஊர்களிற் கிடைத்த வைரஸ்களின் அதே பகுதியோடு ஒப்பிடுவர். அப்பகுதியில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கொன்று வீதம், அதாவது ஒன்பது எழுத்துக்கள்போல, மாறுதல் நிகழும். ஆதலின் இரண்டு வைரஸ்களிடையே உள்ள எழுத்து வேறுபாட்டை எண்ணி, அவை எப்பொழுது பிரிந்தன, எவ்வூரிலிருந்து எவ்வூருக்குச் சென்றன என்று அறியலாம். இஃது ஓலைச்சுவடியின் படிகளில் உள்ள பிழைகளை ஒப்பிட்டு, எப்படி எதனைப் பார்த்து எழுதப்பட்டது என்று பதிப்பாசிரியர் துணிவதை ஒத்தது.

இவ்வளவு செய்யும் சோதனைச்சாலையை நாம் எங்ஙனம் நம்புவது? அதனைச் சோதிப்பதற்கும் முறையுண்டு. ஆண்டுதோறும் உள்ளடக்கம் அறிவிக்கப்படாத மாதிரிகள் வெளியிலிருந்து அனுப்பப்படும்; அவற்றில் உள்ளது இன்னது என்று சரியாகக் கூறிய சாலைக்கே அங்கீகாரம் நீடிக்கும். மற்றோர் உரைகல்லும் உண்டு. நம் போன்ற வெப்ப நாடுகளிற் குழந்தைகளின் குடலில் போலியோ அல்லாத வேறு தீங்கற்ற வைரஸ்கள் இயல்பாகவே உலவும். நூறு மாதிரிகளிற் சுமார் பத்திலாவது அவை அகப்பட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அவையும் அகப்படாவிடின், வழியில் பனிக்கட்டி உருகியது, அன்றிச் சாலையில் அணுக்கள் கெட்டன என்று கொள்ளல் வேண்டும். வேண்டாத வைரஸ் அகப்படுவதே, வேண்டிய வைரஸ் இருந்திருப்பின் அகப்பட்டிருக்கும் என்பதற்குச் சாட்சி.

இவ்விடத்தே சிப்பந்திகளின் பயிற்சி எத்தகையது என்பதைச் சிறிது கூறல் தகும். குழாயைப் பிடித்தலும் கருவியை இயக்குதலும் சில திங்களிற் கைவரும். கைவராதது யாதெனின், ஆயிரம் முறை 'இல்லை' கண்டபின்னும் ஆயிரத்தோராவது குழாயை முதற்குழாய்போல் நோக்கும் பொறுமை. அதனினும் அரியது, தவறு நேர்ந்தவிடத்துத் தவறு நேர்ந்தது என்று எழுதும் நேர்மை. நம் கலாசாலைகளின் இரசாயனச் சாலையில், தாம் கண்ட அளவு விடையோடு பொருந்தாவிடின், அயல்மேசையார் கண்ட அளவைப் பார்த்துக் குறிப்பேட்டை நிரப்பும் வழக்கம் முற்றும் அறியப்படாததன்று. அதனாற் கெடுவது மதிப்பெண் ஒன்றிரண்டே என்று நாம் எண்ணுகிறோம். அதே கை நாளைப் பொதுச் சுகாதாரச் சாலையில், பெட்டியில் பனிக்கட்டி இல்லாதிருக்கவும் 'உண்டு' என்று குறிக்குமாயின், எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு குழந்தை முடமாவது தடுக்கப்படாமற் போகலாம். குறிப்பேட்டிற் பொய் எழுதாப் பழக்கமே இத்தொழிலின் முதற்பயிற்சி. அதனைப் பயிலும் இடம் கலாசாலையே.

ஹௌராக் குழந்தைக்குப் பின்வந்த மூன்று ஆண்டுகளில், ஆண்டொன்றுக்கு ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட தளர்வாதக் குழந்தைகள் இந்தியாவில் ஆராயப்பட்டனர். அஃதாவது, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தேடிக் கண்டு, மாதிரி எடுத்து, பனிக்கட்டியிற் சுமந்து, நுண்ணோக்கியிற் பார்த்துப் பெற்ற விடை 'இல்லை' என்பதே. இஃதன்றி, 2001-ஆம் ஆண்டில் பம்பாயிற் தொடங்கி, நகரங்களின் கழிவுநீரையும் எடுத்துச் சோதித்து வந்தனர். முடமாகாத குழந்தையின் குடலிலுள்ள கிருமியும் சாக்கடையிற் சேர்தலின், அங்கே அதனைக் காணலாம். 2014-ஆம் ஆண்டில் வழங்கப்பெற்ற சான்று, இத்தனை 'இல்லை'களை அடுக்கி எழுப்பிய கட்டடமாகும்.

தேடாத இடத்தில் என்ன நிகழும் என்பதற்கு நைஜீரியாவின் வரலாறு சான்று. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நாடு போலியோ நிலைத்துள்ள நாடுகளின் பட்டியலினின்று நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, கலகத்தால் அதிகாரிகள் புகமுடியாதிருந்த போர்னோ மாகாணத்திலிருந்து வந்த குழந்தைகளிடம் அந்நோய் காணப்பட்டது. வைரஸின் எழுத்துக்களைப் படித்தபோது, அதன் நெருங்கிய உறவு 2011-ஆம் ஆண்டில் அங்கே கண்ட வைரஸ் என்பது தெரிந்தது. ஏறக்குறைய ஐந்தாண்டுகள் அது எவர் கண்ணிலும் படாமல் குழந்தைக்குக் குழந்தை தாவிக்கொண்டிருந்தது. அவ்வூர்களிலிருந்து வந்த 'இல்லை' தேடாதார் கூறிய 'இல்லை'. பின்னர் அங்கும் உழைத்துத் தேடினர். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் ஆப்பிரிக்கப் பகுதி இயற்கைப் போலியோ அற்றதெனச் சான்று பெற்றது.

போலியோவிற் கற்ற இப்பாடம் பிற நோய்களுக்கும் உரியது. 2004-ஆம் ஆண்டில் இந்தியாவில் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூவகை அறிக்கைகள் வகுக்கப்பட்டன: கிராமச் சுகாதார ஊழியர் ஐயுற்றது ஒன்று, வைத்தியர் குறிகண்டு ஊகித்தது ஒன்று, சோதனைச்சாலை உறுதி செய்தது ஒன்று. ஐயம், ஊகம், உறுதி என்னும் இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. ஊழியர் ஐயுறாவிடின் சாலைக்கு வேலையில்லை. சாலை உறுதி செய்யாவிடின் ஊழியரின் ஐயம் வதந்தியாய் முடியும். இதற்கும் முன்னரே, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் ஜான் முதலியோர், வட ஆர்க்காடு ஜில்லாவில் அஞ்சலட்டைகளைக் கொண்டே ஒரு கண்காணிப்பு முறையை நடத்திக் காட்டினர். நோயைக் கண்ட வைத்தியர் ஓர் அட்டையில் எழுதி அஞ்சலிற் சேர்ப்பார். வந்த செய்திகளைத் திரட்டித் திங்கள்தோறும் ஒரு சிறு பத்திரிகையாய் அவ்வைத்தியர்களுக்கே திருப்பி அனுப்புவர். தாம் எழுதியது வீண்போகவில்லை என்று கண்டவரே மீண்டும் எழுதுவார் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

வேலை முடிந்ததென்று இனி நாம் அயரலாமோ? இயற்கைப் போலியோ வைரஸ் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் இன்னும் ஒழியவில்லை. பாகிஸ்தானில் 2023-ஆம் ஆண்டில் 6 ஆக இருந்த தொகை, மறு ஆண்டில் 70-க்கு மேல் உயர்ந்தது. 2022-ஆம் ஆண்டில் இலண்டன் நகரக் கழிவுநீரில், தடுப்பு மருந்தின் வைரஸ் நெடுங்காலம் மக்களிடையே உலவி மீண்டும் வலிமை பெற்ற ஒருவகை காணப்பட்டது. தடுப்பு மருந்து பெறாதார் மிகுந்த இடங்களிலேயே இவ்வாறு நேரும். சோதனைச்சாலை முன்னதாகவே கூறியமையால், அந்நகரக் குழந்தைகளுக்கு மேலும் ஒருமுறை தடுப்பு மருந்து அளித்தனர். அங்கே எவரும் முடமாகவில்லை. அதே ஆண்டில் நியூயார்க்கு மாகாணத்திலோ, தடுப்பூசி பெறாத இளைஞர் ஒருவர் முடமான பின்னரே அவ்வைரஸ் அங்கே உலவுவது தெரியவந்தது.

நோய் குறையக் குறைய இக்காவலின்மேல் மக்களுக்கும் அரசுக்கும் சலிப்புத் தோன்றுதல் இயல்பு. "இல்லாத நோய்க்கு ஏன் இத்தனை செலவு?" என்ற கேள்வி எழும். இக்கேள்விக்கு விடை கூறுதல் நம் போன்றோர் கடமை. அது இல்லாத நோய்க்கான செலவன்று. அந்நோய் இல்லை என்று அறிவதற்கான செலவு. காவலனை நிறுத்திய பின்னும் ஊரிற் களவு இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்; ஆனால் அச்சொல்லுக்குப் பொறுப்பேற்பார் எவருமிலர்.

மாணவ நண்பர்களே! உங்களிற் சிலர் வைத்தியராவீர். சிலர் விஞ்ஞானப் பட்டம் பெற்றுச் சோதனைச்சாலைகளிற் புகுவீர். பலர் ஆசிரியராயும் உத்தியோகஸ்தராயும் பெற்றோராயும் வாழ்வீர். சாலையிற் பணிபுரிவோர்க்கு மாலையும் மேடையும் கிட்டுதல் அரிது. உயிர் காத்த வைத்தியரைக் குடும்பத்தார் நன்றியோடு நினைப்பர். முடமாகாத குழந்தையின் தாய்க்கோ தான் நன்றி கூறவேண்டியவர் எவர் என்பதே தெரியாது. ஆயினும் இன்று நம் தெருக்களில் ஓடியாடும் குழந்தைகளைக் காணுந்தோறும், பனிக்கட்டிப் பெட்டியைச் சுமந்து இரவு இரயிலில் வந்த ஓர் ஊழியரையும், நுண்ணோக்கியின்மேற் குனிந்து பத்தாம் நாளும் பார்த்துவிட்டு 'இல்லை' என்று மெய்யாக எழுதிக் கையொப்பமிட்ட ஒரு சிப்பந்தியையும் நினைவுகூர்தல் தகும். உங்கள் ஊரில் ஒரு குழந்தையின் கால் திடீரெனத் துவளுமாயின், அன்றைக்கே அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குச் செய்தி சொல்லுங்கள். அது போலியோவாக இராது என்றே நம்புவோம். எனினும் அதனைச் சொல்ல வேண்டியது சோதனைச்சாலை.